பெரியம்மாவின் இரண்டாவது காப்பி

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதைவிடச் சற்றுக் கனமான விஷயம். ஆனால் இதுவும் சமையலறையில்தான் ஆரம்பமாகிறது. ஆகையால் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள்!

காலை ஆறரை மணி. பெரியம்மா வந்து வாசற்படியில் நிற்கிறாள்.

"ஏண்டி, எனக்குக் காப்பி கொடுக்கிற உத்தேசம் உண்டா, இல்லையா?"

"இப்போதுதானே குடித்தீர்கள், பெரியம்மா! கழுவிக் கவிழ்த்த டம்ளரில் ஈரம்கூடக் காயவில்லையே!"

"நானா? நான் எப்போது குடித்தேன்?"

பெரியம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒன்பது வருஷமாக இன்ஸுலின் ஊசி. தன் கையாலேயே போட்டுக்கொள்ளுவாள். பிறர் உதவியை நாடமாட்டாள். இப்படிப்பட்டவள் ஒரே காலையில் இரண்டு தடவை காப்பி கேட்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? முதலில் சிரித்தோம். பிறகு அலுத்துக்கொண்டோம். "மறதியாவது, மண்ணாவது! நாக்கு கேட்கிறது, மறந்தாற்போல் வேஷம் போடுகிறாள்" என்று ஒரு நாள் ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, சகோதரிகளே, நான்தான். அன்று பெரியம்மா பதில் பேசவில்லை. முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம். அண்ணன் மகன் கூடத்திலிருந்து கத்தினான்: "அத்தை! பாட்டி மறுபடியும் ஊசி போட்டுக்கப் போறாங்க!" ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆறு மணிக்கு இன்ஸுலின் போட்டுக்கொண்டவள், ஆறரை மணிக்கு மறுபடி ஊசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அளவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் மட்டும் விளையாடப் போயிருந்தால்? இன்ஸுலின் இரண்டு பங்கு உள்ளே போய், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, பெரியம்மா நினைவு தப்பி விழுந்திருப்பாள். இரவாயிருந்தால் நாங்கள் தூங்குகிறாள் என்றுகூட நினைத்திருப்போம்.

அன்றுதான் எனக்கு உறைத்தது, இது வேஷம் அல்ல என்று.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சர்க்கரை வியாதியும் மறதி நோயும் தூரத்துச் சொந்தம் என்று நாங்கள் நினைத்த காலம் உண்டு. இப்போது கிட்டத்துச் சொந்தம் என்றே தோன்றுகிறது" என்றார். அந்தச் சொந்தம் எந்த வழியில் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்கவும் மனமில்லை. நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி உண்டு என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்லுகிறது. சென்னை ஆராய்ச்சியாளர்களும் முன்னின்று எடுத்த கணக்கு அது. ஆகவே, இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல.

சொந்தம் உண்டு என்பதற்குச் சாட்சி

ஹாலந்து தேசத்தில் ராட்டர்டாம் நகரின் ஒரு பகுதியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி இல்லாதவர்களைவிட, உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பிறகு லண்டனில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை 1985 முதல் வருஷக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் வந்த அதன் முடிவு இன்னும் யோசிக்க வைப்பது. எவ்வளவு இளம் வயதில் சர்க்கரை வியாதி வருகிறதோ, அவ்வளவுக்குப் பிற்காலத்தில் மறதி நோய்க்கு இடம் அதிகமாம்.

உடனே கலங்கிவிடாதீர்கள். இரண்டு மடங்கு வாய்ப்பு என்றால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமல்ல. சர்க்கரை வியாதியுடனேயே எண்பது வயதில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தாத்தாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சரி, சர்க்கரை ரத்தத்தில், ஞாபகம் மூளையில். இரண்டையும் முடிச்சுப் போட்டது யார்? பல பேர். அவர்களில் ஒருவரை மட்டும் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். அவர் ஒரு என்ஸைம்.

என்ஸைம் என்பது யார்?

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு பிடி வெறும் சோற்றை வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் இனிக்கும். உமிழ்நீரில் உள்ள ஓர் என்ஸைம் சோற்றின் மாவுப் பொருளைச் சர்க்கரையாக அறுத்துவிடுகிறது. முளை கட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால், சாதாரண மாவுக் கஞ்சியைப்போல் கெட்டியாகாமல் நீர்த்து நிற்கிறதே, ஏன்? முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் என்ஸைம் செய்கிற வேலை அது. நம் உடம்பில் இம்மாதிரி ஆயிரக்கணக்கான என்ஸைம்கள் உண்டு. சில வெட்டும், சில ஒட்டும். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துவிட்டுத் தான் கரையாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும்.

இனி இன்ஸுலினுக்கு வருவோம். 1921-ம் வருஷம் கனடாவில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த மருந்து முதன் முதலாகக் கொடுக்கப்பட்டது. அவன் பிழைத்து எழுந்தான். இது பல பேருக்குத் தெரிந்த கதை.

பலர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வேலை முடிந்த இன்ஸுலின் எங்கே போகிறது? அது ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகுமே! பந்தி முடிந்ததும் இலையை எடுக்க ஆள் வேண்டாமா? உடம்பு சுரக்கும் இன்ஸுலின் சில நிமிஷங்களே ரத்தத்தில் தங்குகிறது. அதன் பிறகு அகற்றப்பட்டுவிடுகிறது. அகற்றுவது யார் என்று தேடினார்கள். 1949-ல் அமெரிக்காவில் மிர்ஸ்கி, ப்ரோகான் என்ற இரு விஞ்ஞானிகள், ஈரல் முதலியவற்றின் சாற்றில் இன்ஸுலினை அழிக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு, அதற்கு 'இன்ஸுலினேஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை எடுக்கும் ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் இந்த ஆளுக்கு இன்னொரு வீட்டிலும் வேலை உண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மூளையில் சேரும் குப்பை

இப்போது ஜெர்மனிக்குப் போக வேண்டும். 1901-ல் பிராங்க்பர்ட் நகர மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் காட்டிய பொருளை மறந்துவிடுவாள். தன் பெயரையே எழுதி முடிக்க அவளால் இயலவில்லை. அவளைக் கவனித்த டாக்டர்தான் அலாய்ஸ் அல்ஸைமர். 1906-ல் அவள் இறந்த பிறகு மூளையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். அங்கங்கே ஏதோ பொருள் கட்டி கட்டியாகப் படிந்திருந்தது. அந்த வருஷம் நவம்பரில் டாக்டர்கள் கூடிய சபையில் அதைச் சொன்னார். சபையில் பெரிய பரபரப்பு ஒன்றும் உண்டாகவில்லை. ஆனால் இன்று மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு அவர் பெயரே நிலைத்திருக்கிறது.

அந்தக் கட்டிகளின் மூலப் பொருள் ஒரு சிறு புரதத் துண்டு. பெயர் 'அமிலாய்ட் பீட்டா'. 1984-ல் அமெரிக்காவில் கிளென்னர், வாங் என்பவர்கள் அதை அடையாளம் கண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பொருள் நோயாளிக்கு மட்டும் உண்டாவதல்ல என்பதுதான். என் மூளையிலும் உங்கள் மூளையிலும் தினந்தோறும் உண்டாகிறது. தினந்தோறும் கூட்டித் தள்ளப்படுகிறது. கூட்டுவது நின்றாலோ, குறைந்தாலோதான் தொந்தரவு.

கூட்டுகிறவர் யார்? 1994-ல் குரோச்கின், கோட்டோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இந்த அமிலாய்டைப் பிடித்து அறுக்கும் ஒரு பொருளை எலியின் உறுப்புகளில் கண்டார்கள். யாரென்று பார்த்தால், பழைய ஆசாமி! இன்ஸுலினை அறுக்கும் அதே என்ஸைம்தான்!

ஓர் ஆள், இரண்டு வேலை

நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரமும் தேய்க்க வேண்டும். முற்றமும் பெருக்க வேண்டும். சாதாரண நாளில் இரண்டும் நடந்துவிடுகிறது. விருந்து நாளில் அண்டாவும் குண்டாவுமாகப் பாத்திரம் மலையாய்க் குவிந்தால்? தேய்த்து முடிவதற்குள் பொழுது போய்விடும். முற்றத்துக் குப்பை முற்றத்திலேயே கிடக்கும். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நடு வயதுக்கு மேல் வரும் சர்க்கரை வியாதியில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அந்த வியாதியில் இன்ஸுலின் இல்லாமற் போவதில்லை. ஆரம்ப வருஷங்களில் அளவுக்கு மேலேயே சுரக்கிறது. உடம்பு அதன் சொல்லைக் கேட்கமாட்டேன் என்று முரண்டு பிடிக்க, கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. வீட்டில் தினமும் விருந்து! என்ஸைமோ இன்ஸுலினைக் கண்டால் அதைத்தான் முதலில் இறுகப் பற்றிக்கொள்ளும். சோதனைக் குழாயில் இரண்டையும் சேர்த்து வைத்தால், இன்ஸுலின் மிகுந்திருக்கும் வரை அமிலாய்ட் அறுபடுவது தடைப்படுகிறது.

2003-ல் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் இந்த என்ஸைமே இல்லாத சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் ரத்தத்தில் இன்ஸுலின் மிகுந்தது, சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது, மூளையில் அமிலாய்டும் ஏறியது. ஒரே ஒரு குறையிலிருந்து சர்க்கரைக் கோளாறும் மூளைக் கோளாறும் கைகோத்துக்கொண்டு வந்தன! அதே வருஷம் இன்னொரு சோதனை. மூளையில் கட்டி படியும் சுபாவமுள்ள சுண்டெலிகளுக்கு இந்த என்ஸைம் கூடுதலாக உண்டாகும்படி செய்தார்கள். கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

2006-ல் சிகாகோவில் வெய்-ஜென் டாங் என்பவரின் குழு இதன் உருவத்தையும் கண்டுபிடித்தது. இரண்டு கிண்ணங்களைக் கீல் வைத்து இணைத்த சம்புடம் மாதிரி இருக்கிறதாம். திறந்து வாங்கும், மூடும், அறுக்கும், வெளியே தள்ளும். சம்புடம் சிறிது. இன்ஸுலின் என்பது 51 மணிகள் கொண்ட மாலை. அமிலாய்ட் 40 அல்லது 42 மணி. இரண்டும் உள்ளே அடங்கும். ஆனால் அமிலாய்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான கட்டியாகிவிட்டால், அது சம்புடத்துக்குள் நுழையாது. குப்பையைக் குப்பையாக இருக்கும்போதே கூட்ட வேண்டும். பாறையான பிறகு துடைப்பம் என்ன செய்யும்? எழுபது வயதில் அல்ல, நாற்பது வயதிலேயே சர்க்கரையைக் கவனியுங்கள் என்று டாக்டர்கள் சொல்லுவதன் சூட்சுமத்தில் இதுவும் ஒரு பங்கு.

அப்படியானால் மருந்து?

நானும் அதைத்தான் கேட்டேன். அந்த என்ஸைமை அதிகமாக்க ஒரு மாத்திரை இருந்தால் போதுமே!

அங்கேதான் சங்கடம். சர்க்கரை வைத்தியர்கள் இந்த என்ஸைமைக் கட்டிப்போட நினைத்தார்கள். இன்ஸுலின் அழியாமல் நீடித்து நிற்கும் அல்லவா? 2014-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை விஞ்ஞானிகள் அப்படி ஒரு பொருளைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. ஆனால் சர்க்கரையை ஏற்றும் 'குளூக்ககான்' என்னும் பொருளையும் அறுப்பது இதே என்ஸைம்தான் என்று அதே ஆராய்ச்சியில் தெரிந்தது. கட்டிப்போட்டால் அதுவும் மிஞ்சும். மூளையின் குப்பையும் மிஞ்சக்கூடும். அவிழ்த்துவிட்டாலோ இன்ஸுலின் சீக்கிரம் அழியக்கூடும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று ஆகிவிடுகிறது.

மூக்கு வழியாக இன்ஸுலினைத் தெளித்து மூளைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2012-ல் நடந்த சிறு சோதனை நம்பிக்கை தந்தது. 2020-ல் வெளியான பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. ஆகவே "மூளைக்கு என்ஸைம் மாத்திரை" என்று யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். என்ஸைமும் ஒரு புரதம்தான். வாய் வழியாக விழுங்கினால் பருப்பைப்போல் அதுவும் ஜீரணமாகிவிடும். மூளைக்குப் போய்ச் சேராது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கும் மறதிக்கும் இந்த என்ஸைம் ஒன்றே பாலம் அல்ல. நாளடைவில் சர்க்கரை ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது; மூளையின் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு, நமக்குத் தெரியாமலே சிறு சிறு சேதங்கள் உண்டாகின்றன. பல முதியோருக்கு இதுவே பெரிய காரணம். குப்பையைக் கூட்டவும் 'நெப்ரிலிஸின்' முதலிய வேறு என்ஸைம்கள் உண்டு. எவருக்கு எது எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. மறதி நோயை "மூன்றாவது வகைச் சர்க்கரை வியாதி" என்று 2005-லிருந்து சிலர் அழைக்கிறார்கள். கவர்ச்சியான பெயர்தான், ஆனால் வைத்திய உலகம் அதை ஒரு நோயின் பெயராக அங்கீகரிக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

"இன்ஸுலின் மிகுந்தால் கெடுதல் என்கிறாயே, ஊசியை நிறுத்திவிடலாமா?" என்று எந்தச் சகோதரியும் கேட்டுவிடக் கூடாது. கூடவே கூடாது! ராட்டர்டாம் கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஊசி வரைக்கும் போனவர்கள் வியாதி முற்றியவர்கள் அல்லவா? குடை பிடித்தவர்கள் அதிகம் நனைந்திருந்தால், மழை பலம் என்று அர்த்தமே தவிர, குடை நனைத்தது என்று அர்த்தமல்ல.

சர்க்கரை ஏறுவதைப்போலவே தாழ்வதும் மூளைக்கு ஆகாது. கலிபோர்னியாவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர்களுக்குப் பின்னால் மறதி நோய் அதிகம் வந்தது. ஆகவே வயதானவர்களுக்கு, அதிலும் மறதி உள்ளவர்களுக்கு, எந்த அளவில் சர்க்கரையை நிறுத்த வேண்டும் என்று டாக்டரையே கேளுங்கள். இளையவர்களுக்கு உரிய கெடுபிடியை அவர் சற்றுத் தளர்த்தக்கூடும். திடீரென்று வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், விழுங்கக்கூடிய நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மறதி எல்லாமே மறதி நோயல்ல. தைராய்டுக் கோளாறிலும், பி12 வைட்டமின் குறைவிலும் மறதி வரும். இவை சரி செய்யக்கூடியவை. பல வருஷம் மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும். புலால் உண்ணாதவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெரியம்மாவுக்கும் குறைந்துதான் இருந்தது. ஊசி போட்ட பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் முழுவதும் தெளியவில்லை; மறதி நோயும் ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நாற்பது வயது என்றால், விஷயம் உங்களைப் பற்றியது. உலகத்து மறதி நோயில் சுமார் 45 சதவிகிதம், தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய காரணங்களோடு சம்பந்தப்பட்டது என்று 2024-ல் நிபுணர் குழு ஒன்று அறிவித்தது. பதினான்கு காரணங்களில் சர்க்கரை வியாதி ஒன்று. ரத்தக் கொதிப்பு, நடக்காமல் உட்கார்ந்திருப்பது, காது மந்தம், தனிமை ஆகியவையும் அதில் உண்டு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டு, "எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டு, வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் ரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இன்ஸுலின் என் பொறுப்பில் இருக்கிறது. சமையலறைச் சுவரில் பெரிய காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஊசி போட்டதும் பெரியம்மாவே தன் கையால் அதில் ஒரு கோடு கிழிக்கிறாள். "நான் போட்டுக்கொள்ளவே இல்லை" என்று சண்டைக்கு வந்தால், அவள் கோட்டையே அவளுக்குக் காட்டுகிறோம். தன் கையெழுத்தை அவள் நம்புகிறாள்.

காப்பி மட்டும் இன்னும் இரண்டாவது தடவை கேட்கிறாள். "இப்போதுதானே குடித்தீர்கள்" என்று நான் சொல்லுவதில்லை. சர்க்கரை போடாமல் அரை டம்ளர் கலந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுகிறேன். அவள் தன் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொல்லுவாள். நேற்றும் சொன்ன கதைதான். நானும் நேற்றுக் கேளாதவளைப்போல் கேட்டுக்கொள்ளுகிறேன். இப்போது வேஷம் போடுவது நான்.

நேற்றுக் கதை முடிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ காப்பி குடித்தாயோ, இல்லையோ?"

யோசித்துப் பார்த்தேன். குடிக்கவில்லை. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.